மூட்டை முடிச்சு: பலெர்மோவில் முதல் நாள்

சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் போய் இறங்கிய அன்றே என் பெட்டி காணாமல் போனதைச் சென்ற இதழில் ஒரே வரியில் எழுதிவிட்டு வேறு விஷயத்துக்குப் போய்விட்டேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டவைதான். சரி, இந்த முறை பலெர்மோ மட்டும். ரயில் பாஸ் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பெட்டி வரவில்லை என்று தெரிந்ததும் முதலில் என்ன செய்தீர்கள்? மார்ச்சில் நானும் இத்தாலி போகிறேன். இப்போதே வயிற்றைக் கலக்குகிறது.
(ஒரு வாசகி, திருநெல்வேலி)

பதில்: முதலில் சிரித்தேன். ரயில்வே தபால் பிரிவான ஆர்.எம்.எஸ்.ஸில் முப்பத்தோரு வருஷம் தபால் பை பிரித்தவள் நான். மதுரைக்குப் போக வேண்டிய பை மானாமதுரையில் இறங்கியதெல்லாம் நிறையப் பார்த்தாயிற்று. ஊரார் மூட்டையைச் சேர்ப்பித்தே சம்பளம் வாங்கியவளின் மூட்டைக்கு அந்தக் கதி வந்தால் சிரிக்காமல் என்ன செய்வது? ரோமில் விமானம் மாற எங்களுக்குக் கிடைத்தது ஐம்பது நிமிஷம். நானும் தங்கையும் ஓடினோம். பெட்டிக்கு நாலு சக்கரம் இருந்தும் ஓடத் தெரியவில்லை. தங்கையின் பெட்டி மட்டும் எப்படியோ வந்துவிட்டது. எரிச்சல் அதில்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. வெளியே வந்துவிடாதீர்கள். பெட்டிகள் சுற்றி வரும் அந்தக் கூடத்திலேயே தொலைந்த சாமான்களுக்கென்று ஒரு கவுன்ட்டர் இருக்கும். அங்கே புகார் எழுதி, எண் போட்ட ஒரு தாளைக் கையில் வாங்கிக்கொண்டுதான் நகர வேண்டும். அதற்கு, சென்னையில் பெட்டியைப் போடும்போது கொடுத்த பத்து இலக்கச் சிட்டை வேண்டும். அதைக் கசக்கிப் போட்டவர்கள் எத்தனை பேர்! பெட்டியின் நிறம் கேட்டார்கள். "நீலம்" என்றேன். அந்தப் பெண் ஒரு அட்டையை நீட்டினார். அதில் பெட்டிகளின் படங்கள், வகை வகையாக. கல்யாணத்துக்குப் புடவை காட்டுவது மாதிரி நிதானமாக ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். இதற்கே முக்கால் மணி நேரம்.

அப்புறம், பெட்டி வரும் வரை வாங்கும் சோப்பு, பிரஷ், மாற்றுத் துணி எல்லாவற்றுக்கும் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். தாமதத்துக்கு இழப்பீடு கேட்பதானால் பெட்டி கைக்கு வந்த 21 நாளுக்குள் எழுத்து மூலம் கேட்க வேண்டும். பெட்டி உடைந்து வந்தால் 7 நாள்தான். ஒரு செட் துணியும் மாத்திரைகளும் கைப்பையில் இருக்கட்டும். நான் மாத்திரையை வைத்திருந்தேன், துணியை வைக்கவில்லை. தங்கையின் ரவிக்கை எனக்கு ஒரு கை கூட நுழையாது.

கேள்வி: குடும்பத்தோடு பலெர்மோ போகிறோம். காலை பத்து மணிக்கு இறங்குகிறோம். அன்றைக்கே பார்க்க பதினொரு இடங்கள் குறித்து, வரிசைப்படுத்தி இணைத்திருக்கிறேன். வரிசை சரியா என்று பார்த்துச் சொல்லவும்.
(ஒரு வாசகர், கோவை)

பதில்: வரிசை பிரமாதம். எண்ணிக்கையில்தான் தகராறு. உங்கள் பட்டியலில் ஐந்து தேவாலயங்கள். அங்கே பல கோயில்கள் மத்தியானம் கதவைச் சாத்திவிடும், நம் ஊர்க் கோயில் நடை சாத்துவது போலத்தான். பூட்டிய கதவு முன்னால் குழந்தைகளோடு நிற்பீர்கள். பத்து மணிக்கு இறங்கினால் நீங்கள் ஊருக்குள் வர எப்படியும் பன்னிரண்டு ஆகும். விமான நிலையம் ஊரிலிருந்து 35 கிலோமீட்டர்.

முதல் நாளுக்கு ஒரே இடம் போதும்: கதீட்ரல். பெரிய மண்டபத்துக்குள் போகக் காசு வேண்டாம். அரசர் கல்லறைகளுக்கும் கூரை மேல் ஏறவும்தான் டிக்கெட். முன்பதிவு எதுவும் இல்லாததால், விமானம் தாமதமானாலும் பெட்டி தொலைந்தாலும் நஷ்டமில்லை. என் விஷயத்தில் நடந்ததும் அதுதான். விடுதியில் மூன்று மணிக்குத்தான் அறை என்றார்கள். தங்கையின் பெட்டியை அங்கே போட்டுவிட்டு நடந்தோம். கதீட்ரலுக்குள் நுழையும்போது மணி பன்னிரண்டே முக்கால்.

உள்ளே தரையில், பீடத்துக்கு முன்னால், ஒரு பித்தளைக் கோடு சாய்வாக ஓடுகிறது. அதன் ஓரமாகக் கலர் சலவைக்கல்லில் பன்னிரண்டு ராசிகளும் பதித்திருக்கிறார்கள். தங்கை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் கால் வலியில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் கண்ணில் பட்டது: கோட்டுக்குச் சற்றுத் தள்ளி, சப்பாத்தி மாதிரி ஒரு வெளிச்ச வட்டம். மேலே ஒரு சின்னக் கும்மட்டத்தில் துளை, அதன் வழியாக வரும் வெயில். நின்று பார்த்தால் நகர்வது தெரிகிறது. ஐந்தாறு நிமிஷத்தில் துலாக்கோல் பதித்த கல்லுக்குப் பக்கத்தில் வந்து கோட்டைத் தொட்டது. அன்று அந்த ஊருக்கு உச்சிப்பொழுது அதுதான், கடிகாரத்தில் கிட்டத்தட்ட ஒரு மணி ஆகியிருந்தாலும்.

அதை 1801-இல் அமைத்தவர் ஜுசெப்பே பியாட்ஸி என்ற பாதிரியார். அதே வருஷம் ஜனவரி 1 அன்று, இதே ஊர் அரண்மனையின் கோபுரத்தில் இருந்த வானாய்வுக்கூடத்திலிருந்து சீரெஸ் என்ற குறுங்கோளைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். நாங்கள் போனது 2023 அக்டோபர் 14. நம் பஞ்சாங்கத்தில் துலா மாதமான ஐப்பசி பிறக்க இன்னும் நாலு நாள் பாக்கி. அவர்கள் கணக்கில் துலாம் முடியவே பத்து நாள்கூட இல்லை. ஒரே சூரியன், ஒரே தராசு, மூன்றரை வாரம் வித்தியாசம். ஜோசியம் பார்ப்பவர்கள் இதற்குப் பதில் எழுதிப் போட வேண்டாம், எனக்குக் காரணம் தெரியும்.

வெளியே வந்தால் தெற்கு வாசல் மண்டபம். அதில் இடது கைப்பக்கத் தூணைத் தவறவிடாதீர்கள். தூணின் உடம்பில் ஒரு சின்னச் சட்டம், அதற்குள் அரபு எழுத்து. குர்ஆனின் 7-ஆம் அத்தியாயம், 54-ஆம் வசனம்: வானத்தையும் பூமியையும் படைத்தவன், பகலை இரவால் மூடுகிறவன் என்று இறைவனைச் சொல்வது. 831-இல் அரேபியர்கள் ஊரைப் பிடித்தார்கள், அங்கே இருந்த கோயில் மசூதியாயிற்று. 1072-இல் நார்மன்கள் பிடித்தார்கள், மசூதி மறுபடி கோயிலாயிற்று. 1185-இல் அந்த இடத்தில்தான் இந்தக் கதீட்ரலை எழுப்பினார்கள். பழைய தூணைத் தூக்கி வாசலில் வைத்தவர்கள் எழுத்தைச் செதுக்கி எடுக்கவும் இல்லை, சுவர்ப் பக்கம் திருப்பவும் இல்லை. மாதா கோயிலுக்குள் போகிற ஜனங்கள் தினமும் அதைத் தாண்டித்தான் போகிறார்கள். அதற்கு அடியில் ஒரு பெரியவர் உட்கார்ந்து ஷூவுக்குள் போன கல்லை உதறிக்கொண்டிருந்தார். இரண்டு நிமிஷம் காத்திருந்துதான் எழுத்தைப் பார்க்க முடிந்தது.

உங்கள் பட்டியலில் முதலில் இருக்கும் கப்பெல்லா பலத்தீனாவை, அதாவது அரண்மனைக்குள் இருக்கும் சிற்றாலயத்தை, அன்றைக்கு வைக்கவே வைக்காதீர்கள். 1132-இல் இரண்டாம் ரோஜர் மன்னர் கட்டத் தொடங்கியது. சுவரெல்லாம் பைசாந்திய மொசைக். தலைக்கு மேலே அரபுப் பாணியில் தேன்கூடு மாதிரி செதுக்கி வண்ணம் தீட்டிய மரக்கூரை. விமானத்தில் தூங்காத கண்ணோடு போய்ப் பார்த்தால் தங்க நிறம் ஒன்றுதான் ஞாபகம் நிற்கும்.

சாயங்காலம் தெம்பு இருந்தால் குவாத்ரோ காந்தி நாற்சந்திக்குப் போங்கள். கதீட்ரல் தெருவிலேயே நேராகப் பத்து நிமிஷ நடை. நாலு மூலையிலும் உள்வாங்கி வளைந்த நாலு கட்டட முகப்புகள். ஒவ்வொன்றிலும் கீழே ஒரு பருவகாலம், நடுவில் ஒரு ஸ்பானிய அரசர், மேலே ஊரைக் காக்கும் ஒரு பெண் புனிதர். நாலு புனிதர்களின் பெயரையும் குறித்துக்கொண்டேன்: அகதா, கிறிஸ்டினா, நின்ஃபா, ஒலீவா. ஊரெல்லாம் எந்தக் கடையைப் பார்த்தாலும் படத்தில் இருக்கும் புனித ரொசாலியா மட்டும் இந்த நாலு பேரில் இல்லை. ஏன் என்பது கடைசிக் கேள்வியில் வருகிறது.

மற்ற ஒன்பது இடங்களும் அறுநூறு, எழுநூறு வருஷமாக அங்கேயே இருப்பவை. உங்களுக்காக இன்னும் ஒரு நாள் இருக்கும்.

கேள்வி: சுத்த சைவம். இறங்கியவுடன் பசிக்குமே, என்ன சாப்பிடுவது?
(ஒரு வாசகி, கும்பகோணம்)

பதில்: பனேல்லே. இந்தச் சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பலெர்மோவில் சைவக்காரர்களைக் காப்பாற்றுவது அதுதான்.

பல்லாரோ சந்தையில் சாப்பிட்டோம். தார்ப்பாயும் குடையும் வானத்தை மறைக்கிற குறுகலான தெரு. இரண்டு பக்கமும் கத்தரிக்காய் குண்டு குண்டாக, வெளிர் ஊதாவில். அரையாள் உயரச் சுரைக்காயும் அதன் கொழுந்துக் கீரையும் தனித்தனிக் கட்டாக இருந்தன. வியாபாரிகள் கூவுவதற்கென்றே அவர்கள் பேச்சில் 'அப்பன்னியாத்தா' என்று ஒரு பெயர் உண்டு. ராகம் போட்டு இழுக்கிறார்கள். கோயம்பேடு எனக்குப் பழக்கம் என்பதால் அங்கே சொந்த ஊர் மாதிரி இருந்தது.

கொண்டைக்கடலை மாவைத் தண்ணீரில் கரைத்து, அடுப்பில் களி மாதிரி கெட்டியாகும் வரை கிளறி, பார்ஸ்லி இலை தூவி, மெல்லிசாகப் பரப்பி ஆற வைத்து, துண்டு போட்டு எண்ணெயில் பொரிக்கிறார்கள். கடைக்காரர் நாலைந்து துண்டுகளை எள் தூவிய பன்னுக்குள் அடுக்கினார். உப்பைத் தூவி, எலுமிச்சையை ஒரே பிழி. வெளியே மொறுமொறு, உள்ளே வெண்ணெய் மாதிரி. தங்கை ஒரு கடி கடித்துவிட்டு, "பஜ்ஜிதான் அக்கா. வாழைக்காய வைக்க மறந்துட்டாங்க" என்றாள். அப்புறம் இன்னொன்று வாங்கினாள்.

எச்சரிக்கை மூன்று. ஒன்று, பக்கத்தில் மண்ணீரல் வறுக்கும் சட்டியில் இருப்பது பன்றிக் கொழுப்பு. பனேல்லே பொரிக்கும் எண்ணெய் தனிதானா என்று பார்த்து வாங்குங்கள். (மண்ணீரல் பன்னில் எலுமிச்சை மட்டும் பிழிந்தால் அதற்கு 'கன்னி' என்று பெயர், மேலே பாலாடைக்கட்டி வைத்தால் 'கல்யாணமானது'. சாப்பிடாவிட்டாலும் தெரிந்துகொள்ளலாம்.) இரண்டு, அரஞ்சீனா என்ற சோற்று உருண்டைக்குள் பெரும்பாலும் கறியோ பன்றி இறைச்சியோ இருக்கும். வெண்ணெய் அரஞ்சீனா என்றால் சைவம் என்று நினைக்காதீர்கள், அதிலும் இருக்கும். கீரை வைத்தது கிடைக்கும், கேளுங்கள். மூன்று, ஸ்ஃபின்ச்சோனே என்ற தக்காளி, வெங்காய ரொட்டியில் நெத்திலி ஒளிந்திருக்கும். இதை நம் ஊர் ஆபே லோடு ஆட்டோவின் கூடப்பிறந்த வண்டியில் வைத்து, ஒலிபெருக்கி போட்டு விற்கிறார்கள். அந்தக் கூவலில் ஒரு வரிக்கு அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்: எண்ணெய் கம்மி, புழுதி ஜாஸ்தி. தன் சரக்கை இப்படிச் சொல்லி விற்கிற வியாபாரியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கேள்வி: மாஃபியா ஊராச்சே. பயமாக இல்லையா?
(ஒரு வாசகர், சேலம்)

பதில்: பலெர்மோக்காரர்களிடம் இதை விளையாட்டாகக் கேட்டுவிடாதீர்கள். விமான நிலையத்துக்கே இரண்டு நீதிபதிகளின் பெயர்தான்: ஜொவான்னி ஃபல்கோனே, பாவ்லோ பொர்செல்லினோ. மாஃபியாவுக்கு எதிராக வழக்கு நடத்தியவர்கள். 1992 மே 23 அன்று விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில், கப்பாச்சி என்ற இடத்தில் சாலைக்கு அடியில் குண்டு வைத்து ஃபல்கோனேயைக் கொன்றார்கள். கூடவே அவர் மனைவி, மூன்று காவலர்கள். ஐம்பத்தேழாம் நாள், ஜூலை 19 அன்று, பொர்செல்லினோவும் அவருடைய ஐந்து காவலர்களும்.

எங்கள் பஸ் அந்தச் சாலையில்தான் வந்தது. இரண்டு பக்கமும் சிவப்பு நிறத் தூண்கள், அவற்றில் இறந்தவர்களின் பெயர்கள். மலைச்சரிவில் ஒரு சின்ன வெள்ளைக் கட்டடத்தில் 'மாஃபியா வேண்டாம்' என்று பெரிதாக எழுதியிருக்கிறது. அதுவரை பெட்டியைப் பற்றிப் புலம்பிக்கொண்டு வந்த நான் ஊர் வரும் வரை வாயைத் திறக்கவில்லை.

ஊருக்குள் கடைக் கதவுகளில் 'அத்தியோபிட்ஸோ' என்ற ஸ்டிக்கரைப் பார்ப்பீர்கள். மாமூல் கொடுக்க மறுக்கும் கடைகள் ஒட்டிக்கொள்வது. 2004-இல் சில இளைஞர்கள் தொடங்கிய இயக்கம். மற்றபடி சுற்றுலாப் பயணிக்கு அங்கே உள்ள பயம் பர்ஸைப் பற்றியும் தெருவைக் கடப்பதைப் பற்றியும்தான். இரண்டுக்கும் நமக்குப் பயிற்சி போதும்.

கேள்வி: முதல் நாள் தூக்கத்தை எப்படிச் சமாளிப்பது?
(ஒரு வாசகர், தஞ்சாவூர்)

பதில்: அக்டோபரில் நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். அவர்களுடைய ராத்திரி எட்டு நமக்குப் பதினொன்றரை. மத்தியானம் படுத்தால் தொலைந்தீர்கள். ஒரு பாரில் (அங்கே காபிக்கடைக்கு அதுதான் பெயர்) நின்றபடியே காபி குடியுங்கள், உட்கார்ந்தால் விலை கூடலாம். இரண்டு மடக்குதான் வரும், நம் டபரா கணக்கில் அது காபியே இல்லை. ஆனால் ஒன்பது மணி வரை கண்ணைத் திறந்து வைக்கும்.

கேள்வி: அங்கே தமிழ் ஆட்கள் இருக்கிறார்களாமே, உண்மையா?
(ஒரு வாசகி, சென்னை)

பதில்: உண்மையா என்றா கேட்கிறீர்கள்? முதல் ராத்திரி நான் போட்டுக்கொண்ட நைட்டியே ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் கடையில் வாங்கியதுதான்.

1980-களில் இலங்கையில் போர் தொடங்கிய பிறகு வந்து சேர்ந்தவர்கள், அவர்கள் பிள்ளைகள், இப்போது பேரப்பிள்ளைகள். பல்லாரோவைச் சுற்றிய தெருக்களில் தமிழ் காதில் விழும். பனேல்லே சாப்பிட்ட கையோடு சோப்புக் கடை தேடிக்கொண்டிருந்தோம். ஒரு கதவுக்குப் பின்னாலிருந்து கறித்தூள் வாசனை வந்தது. உள்ளே அரிசி மூட்டை, புட்டு மா, அப்பளக் கட்டு, தேங்காய் எண்ணெய். மேலே கொடியில் நைட்டிகள். கல்லாவுக்குப் பின்னால் சுவரில் பிள்ளையார், அவருக்குப் பக்கத்தில் ரோஜா முடி தரித்த ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். இரண்டுக்கும் ஒரே சின்ன பல்பு மாலை.

கல்லாவில் இருந்த அம்மா என் புடவையின் கசங்கலைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். "இந்தியாவோ? சாமான் வரேல்லையோ?" என்றார். ஆமாம் என்றேன். "யோசிக்காதேங்கோ அக்கா. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமைதானே, நாங்கள் மலைக்குப் போவம். வந்து ரொசாலியாட்டைச் சொல்லுங்கோ, பெட்டி வரும்."

ரொசாலியா பன்னிரண்டாம் நூற்றாண்டில் வீட்டைத் துறந்து மொன்தே பெல்லெக்ரீனோ மலைக்குகையில் தனியாக வாழ்ந்த பெண். 1624-இல் ஊரைக் கொள்ளைநோய் பிடித்தது. மலையில் கிடைத்த அவருடைய எலும்புகளை அடுத்த வருஷம் ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள், நோய் விட்டது என்பது நம்பிக்கை. அதற்கு முன்பே, 1620-வாக்கில், நாற்சந்தியின் நாலு மூலையும் கட்டி முடிந்துவிட்டது. ரொசாலியா வந்தபோது அங்கே இடம் காலியில்லை. ஊரைக் காப்பவர் இன்றைக்கு அவர்தான், ஜூலை 14 இரவு அவருக்குப் பெரிய திருவிழா.

மறுநாள் காலை டவுன் பஸ்ஸில் மலை ஏறினோம். பாதி பஸ் தமிழ். கிறிஸ்தவர்களும் இருந்தார்கள், நெற்றியில் திருநீறு இட்டவர்களும் இருந்தார்கள். கோயில் என்பது முன்னால் ஒரு முகப்பு, உள்ளே வெறும் குகை. பாறையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது. அதைப் பிடித்து ஓரமாகக் கொண்டுபோக, கூரை முழுக்கத் தகரத் தகடுகளைக் குறுக்கும் நெடுக்கும் மாட்டியிருக்கிறார்கள். கண்ணாடிக்குள் தங்க அங்கி போர்த்து ரொசாலியா படுத்திருக்கிறார். ஒரு அம்மா குழந்தையைத் தூக்கிக் கண்ணாடியைத் தொடவைத்து, அந்தக் கையை அதன் தலையில் வைத்தார். நானும் பெட்டி விஷயத்தைச் சொன்னேன். சிபாரிசு பிடித்துப் பழக்கமில்லாத உத்தியோகம் பார்த்தவள், கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை காலை விடுதி வாசலில் பெட்டி நின்றது. பூட்டு, பட்டை எல்லாம் அப்படியே. ஒரு சக்கரம் மட்டும் இல்லை. கடைக்குப் போய்ச் சொன்னேன். அந்த அம்மா மிளகாய்த்தூள் நிறுப்பதை நிறுத்தாமலே சொன்னார்: "சில்லையும் சேர்த்தெல்லோ அக்கா கேட்டிருக்க வேணும்."